குளிர வைக்கிறது

இப்ப அந்தக் கண்டக்டர் என்ன சொன்னான், கேட்டீங்களா சார்? "எஞ்சின் கொதிக்குது, கொஞ்ச நேரம் குளிர வெச்சுட்டு எடுக்கலாம்"னான். நான் வெடுக்குனு திரும்பிப் பாத்தேன், நீங்ககூட என்னமோ ஏதோன்னு என்னையப் பாத்தீங்க. ஒண்ணுமில்ல சார். அந்த வார்த்தைதான். குளிர வெக்கிறது. அது காதுல விழுந்தாலே தலை தானாத் திரும்பிரும்.

உக்காருங்க, இந்தக் கட்டச் செவுரு மேலயே உக்காரலாம். எப்பிடியும் அரை மணி ஆகும். இந்தக் கொண்டை ஊசி வளைவுல நிக்காத மினி பஸ்ஸே கிடையாது. நான் பதினோரு வருசம் இந்த ரோட்டுல போய் வந்தவன், எனக்குத் தெரியும். இன்னிக்கு மச்சினன் தோட்டத்துக்குப் போறேன். வேற சோலி இல்ல.

உங்க வீட்ல விளக்க எப்பிடி சார் சொல்லுவீங்க? ஏத்துறத இல்ல, மத்தது. அணைக்கிறதுன்னுதானா? சரி, இந்தக் காலத்துல எல்லாரும் அப்பிடித்தான். எங்க வீட்ல அந்த வார்த்தைய வாயில எடுத்தா எங்கம்மா வாயிலயே ரெண்டு போடும். விளக்க அணைன்னு சொல்லப்பிடாது. அமத்துன்னு சொல்லணும், இல்லன்னா குளிர வைன்னு சொல்லணும். தானா நின்னுபோச்சுன்னா மலையேறிடுச்சுன்னு சொல்லணும். எங்க ஊரு ஆத்தூர்ல பாதி வீட்ல அப்பிடித்தான். நல்ல வழக்கம்தான் சார். இன்னிக்கும் நான் அது தப்புன்னு சொல்ல மாட்டேன். ட்யூப் லைட்டுக்குக்கூட நான் அமத்துன்னுதான் சொல்லுவேன், என் பேத்தி சிரிப்பா.

நான் ஒரு டிரஸ்ட்ல வேலை பாத்தேன். கரண்ட் போகாத மலை ஊருக்கெல்லாம் சோலார் விளக்கு குடுக்கிற டிரஸ்ட். எனக்கு அதுல பயிற்சியாளர் வேலை. விளக்கக் கொண்டுபோய் எறக்கி, எப்பிடிப் பயன்படுத்துறதுன்னு ஜனங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும். எனக்குக் குரல் நல்லா இருக்கும் சார். மைக்கே வேண்டாம். "தண்டபாணி பேசினா மரமும் கேக்கும்"னு எங்க செயலாளர் சொல்லுவாரு. நானும் அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

மாவடிக்கொல்லைன்னு ஒரு ஊரு. நம்ம போற ரோட்டுலயே அடுத்த நிறுத்தத்துல எறங்கி, ஒத்தையடிப் பாதையில ரெண்டு மணி நேரம் ஏறணும். முப்பத்திநாலு வீடு. சாமையும் மரவள்ளியும் போடுவாங்க, கடுக்கா பொறுக்குவாங்க. பொழுது எறங்கிட்டா சிம்னி விளக்குதான். ஊரே கரி புடிச்சுக் கெடக்கும், மூக்கச் சிந்தினா கறுப்பா வரும். அந்த ஊருக்கு முப்பத்திநாலு விளக்கு வாங்கிக் குடுத்தது நான். ஆமா, நான்தான் அலைஞ்சு திரிஞ்சு அந்த ஊர்ப் பேரப் பட்டியல்ல சேத்தேன். அதையும் சொல்லணும்ல. செஞ்ச நல்லதையும் சொல்லணும்ல சார்.

விளக்கு எப்பிடி இருக்கும்னா, ஒரு சொம்பு உசரம். மண்டை மேலயே தகடு இருக்கும். பகல் முழுக்க வெயில்ல வெச்சுட்டு, சாயங்காலம் உள்ள எடுத்து பட்டன அமுக்கினா எரியும். ஒரே பட்டன்தான். ஒரு அமுக்கு அமுக்கினா பளிச்சுனு, ரெண்டாவது அமுக்குக்கு மங்கலா, மூணாவது அமுக்குக்கு நின்னுரும். அவ்வளவுதான். அஞ்சு வயசுப் புள்ளைக்குச் சொல்லிக் குடுத்துரலாம். நான் சொல்லிக் குடுக்கல.

சொல்றேன் இருங்க.

அந்த ஊர்ல சடைச்சின்னு ஒரு பொண்ணு. முப்பது வயசு இருக்கும். எட்டாவது வரைக்கும் கீழ விடுதியில தங்கிப் படிச்சவ. ஊர்லயே பாரத்த வாங்கிப் படிச்சு நெரப்பத் தெரிஞ்சது அவ ஒருத்திதான். புருசன் கேரளாவுல மொளகுத் தோட்டத்துல வேலை. வருசத்துக்கு ஒரு தடவ வருவான். அடுத்த வருசம் இவளும் கெளம்பணும், கைப்புள்ளைய மாமியாகிட்ட விட்டுட்டு. அவளுக்கு அதுதான் பயம். அந்த நேரத்துல நாங்க போய், ஊருக்கு ஒரு விளக்குப் பொறுப்பாளர் வேணும், ஒரு வருசம் விளக்கெல்லாம் நல்லாப் பாத்துக்கிட்டா மூணு மாசம் பயிற்சி குடுத்து, சுத்தி இருக்கிற ஏழு ஊருக்கும் ரிப்பேர் பாக்கிற நிரந்தர வேலை போட்டுக் குடுப்போம்னு சொன்னோம். அவ முகத்தப் பாத்திருக்கணும் நீங்க. "அப்ப நான் ஊர விட்டுப் போவ வேண்டியதில்லையா சார்?"னு மூணு தடவ கேட்டா. "நான் இருக்கேன்ல"ன்னேன். அப்பிடித்தான் சொன்னேன் சார், இந்த வாயாலதான்.

தை மாசம் வெள்ளிக்கிழமை பாத்து விழா வெச்சோம். வெள்ளிக்கிழமை வெச்சதும் என் யோசனைதான். மாரியம்மன் கோயில் முன்னாடி முப்பத்திநாலு விளக்கையும் வரிசையா அடுக்கி, பொழுது சாயுற நேரத்துல ஒண்ணொண்ணா ஏத்தினோம். பொம்பளைங்க குலவை போட்டாங்க. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அப்புறம் பேச ஆரம்பிச்சேன். வெயில்ல எப்பிடி வெக்கணும், தகட்ட எப்பிடித் தொடைக்கணும், பட்டனச் சும்மா சும்மா அமுக்கப்பிடாது, எல்லாம் சொன்னேன். கடைசியா ஒண்ணு பாக்கி. படுக்கப் போகும்போது விளக்க நிறுத்தணும். இல்லன்னா பாட்டரி கெட்டுரும். அத அமுக்கிக் காட்டணும்.

நீங்களே சொல்லுங்க சார். வெள்ளிக்கிழமை, வெளக்கு வெக்கிற நேரம், அம்மன் சன்னதி. இப்பத்தான் குலவை போட்டு ஏத்தின விளக்கு. அத என் கையால அமத்திக் காட்டறதா? எனக்கு மனசு வரல. காட்டாம வாயாலயே சொல்லிரலாம்னு விட்டேன். "படுக்கறதுக்கு முன்னாடி மறக்காம விளக்கக் குளிர வெச்சிரணும். குளிர வெக்கலன்னா பாட்டரி வீணாப் போயிரும்"னு சொன்னேன்.

சடைச்சி முன்னாடிதான் நின்னுக்கிட்டிருந்தா. கை தூக்கினா, பள்ளிக்கூடத்துல தூக்கற மாதிரி. "சார், அவிக்கிறது எப்பிடிங்க சார்?"ன்னா.

அவங்க பேச்சுல அணைக்கிறதுக்கு அவிக்கிறதுன்னு பேரு. எனக்குத் தெரியும் சார் அது. பதினோரு வருசம் போய் வந்தவனுக்குத் தெரியாதா? அவ சரியாத்தான் கேட்டா. கேக்க வேண்டிய ஒரே கேள்வியக் கேட்டா. நான் என்ன பண்ணேன்? "வாயக் கழுவு!"ன்னேன். அத்தனை பேரு முன்னாடி. "நல்ல நாளும் அதுவுமா, அம்மன் முன்னாடி நின்னுக்கிட்டு அவிக்கிறது கிவிக்கிறதுங்கிற. படிச்ச பொண்ணுதான நீ? குளிர வெக்கிறதுன்னு சொல்லு. எங்க, சொல்லு பாப்போம்." அவ நாக்கக் கடிச்சுக்கிட்டா. "குளிர வெக்கணும் சார்"ன்னா. அப்புறம் ஊரையே மூணு தடவ சொல்ல வெச்சேன். படுக்கும்போது என்ன பண்ணணும்? குளிர வெக்கணும். இன்னும் சத்தமா. குளிர வெக்கணும்! மலையே அதிர்ந்துச்சு.

ஆங், உங்களுக்குப் புரிஞ்சிருச்சு போலயே. சிரிங்க சார், பரவால்ல. கேட்டவங்க எல்லாரும் இந்த எடத்துல சிரிப்பாங்க.

ஒன்பதாம் நாள் மறுபடி போனேன், எல்லாம் எப்பிடி இருக்குன்னு பாத்துட்டு வரலாம்னு. ஊருக்குள்ள நுழையும்போதே தெரிஞ்சுபோச்சு. ஒரு சத்தம் இல்ல. கோயில் முன்னாடி அதே எடத்துல விளக்கெல்லாம் வரிசையா வெச்சிருந்தாங்க. ஒண்ணு எடுத்து ஆட்டிப் பாத்தேன். உள்ள தண்ணி சலசலங்குது.

நாள் பூரா வெயில்ல வெந்த சாமான் சார் அது. தொட்டா சுடும். அதக் குளிர வைன்னா அவங்க வேற எப்பிடி வெப்பாங்க? குண்டான்ல, மொடாவுல, ஊத்துத் தண்ணி நெரப்பி, படுக்கறதுக்கு முன்னாடி விளக்க அதுல எறக்கி வெச்சுட்டுப் படுத்திருக்காங்க. மொத நாள் தண்ணிக்குள்ளயே எரிஞ்சுச்சாம். கூரை முழுக்க வெளிச்சம் அலையலையா ஆடுச்சாம், புள்ளைங்க தூங்காமப் பாத்துச்சுங்களாம். காலையில நின்னுபோயிருந்துச்சாம். சரி, குளுந்துருச்சுன்னு எடுத்து மறுபடி வெயில்ல வெச்சிருக்காங்க. மூணாம் நாளுக்கு மேல ஒண்ணொண்ணாப் போச்சு.

சடைச்சி எங்கிட்ட ஒப்பிச்சா, பரீட்சைக்குப் படிச்ச பாடம் மாதிரி. "ஒரு வீடு விடாம நானே போய்ப் பாத்தேன் சார். மறந்துட்டுப் படுத்தவங்கள எழுப்பி, நானே குண்டான்ல எறக்கிக் குளிர வெச்சேன் சார். நடுவுல ஒரு பாட்டி பட்டன அமுக்கிருச்சு, வெளிச்சம் கொறஞ்சுபோச்சு. கெட்டுப்போயிரும்னு யாரையும் அமுக்க விடல சார். ஊத்துத் தண்ணி பத்தலையோன்னு ரெண்டு வீட்டுக்கு ஓடைத் தண்ணி மோந்துட்டு வந்தேன். எங்க சார் தப்பு வந்துச்சு?"

ஒரே ஒரு விளக்கு எரிஞ்சுச்சு. காளியப்பன்னு ஒருத்தன், ஊர்லயே சோம்பேறி, யாரு சொன்னாலும் கேக்க மாட்டான். அவன் மட்டும் தண்ணி மோக்கச் சோம்பப்பட்டு, சடைச்சி கதவத் தட்டியும் எந்திரிக்காம, அப்பிடியே எரிய விட்டுட்டுப் படுத்திருக்கான். நான் சொன்னதக் கேக்காதவன் விளக்குதான் சார் பொழைச்சுது.

எனக்கு எப்ப வெளங்குச்சுன்னு கேளுங்க. குண்டானுங்கிற வார்த்தைய அவ சொன்ன உடனே. அந்த நிமிசமே. பளிச்சுனு. ஒருத்தர் வந்து எடுத்துச் சொல்ல வேண்டியதில்ல. அங்கயே, "ஐயோ, தப்பு எம்மேலதாம்மா, நான் சொன்னது வேற, உங்க காதுல விழுந்தது வேற"ன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுபோச்சு. வாய் வரைக்கும் வந்துச்சு சார். ஆனா வெளிய வந்தது என்ன தெரியுமா? "அடப்பாவிங்களா, எலக்ட்ரிக் சாமானத் தண்ணியிலயா போட்டீங்க?" அவ்வளவுதான். ஊரே திரும்பி அவளப் பாத்துச்சு. அவதான வீடு வீடாப் போய்க் குளிர வெச்சவ. நான் பாக்கல. நான் விளக்கத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டிருந்தேன்.

ஆபீஸ்ல ஒரு பாரம் நெரப்பணும். விளக்கு கெட்டுப்போனதுக்குக் காரணம் என்னன்னு. ரெண்டு கட்டம். ஒண்ணு பயிற்சியில் குறைபாடு, இன்னொண்ணு பயனாளர் கவனக்குறைவு. மொதக் கட்டத்துல டிக் அடிச்சா புது விளக்கு வந்துரும், பயிற்சியாளரக் கூப்பிட்டு வெசாரிப்பாங்க. ரெண்டாவதுல அடிச்சா அந்த ஊரு பட்டியல்ல இருந்து போயிரும். எனக்கு அப்ப மூத்தவ கல்யாணம் பேசிக்கிட்டிருந்த சமயம். வேலை போயிருக்காது, அதுவும் தெரியும். ஒரு பேச்சு வாங்கியிருப்பேன். மரமும் கேக்குங்கிற மனுசன், ஒரு பேச்சு வாங்கப் பயந்து ரெண்டாவது கட்டத்துல டிக் அடிச்சேன்.

சென்னையில இருந்து ஒரு மேடம் வந்தாங்க, நேர்ல பாக்கணும்னு. நல்லவங்க. பலா மரத்தடியில பாய் போட்டு உக்காந்து, ரொம்பத் தன்மையாக் கேட்டாங்க. "தண்ணியில போடச் சொல்லி யாரும்மா சொன்னது?" சடைச்சி என்னையப் பாத்தா. நான் குனிஞ்சு கால்ல அட்டைப்பூச்சி இருக்கான்னு தேடினேன். அட்டை ஒண்ணும் இல்ல. வெயில் காலத்துல ஏது அட்டை? ரொம்ப நேரம் தேடினேன். அப்புறம் அவ சொன்னா, "நான்தாங்க மேடம் தப்பா வெளங்கிக்கிட்டேன். சார் நல்லாத்தான் சொன்னாரு."

அதோட விட்டிருக்கலாம்ல? நான் நிமிந்து சொன்னேன், "பாவம் மேடம், படிப்பறிவில்லாத ஜனங்க." எட்டாவது படிச்சவ சார். அவ பாயோட ஓரத்தப் பிச்சுக்கிட்டிருந்தா.

அதோட போச்சான்னா போகல. விழா முடிஞ்ச மறுநாளே நான் ஒரு அறிக்கை எழுதிக் குடுத்திருந்தேன், மாவடிக்கொல்லை முழுமையா வெளிச்சம் பெற்ற ஊருன்னு. எழுத்து என்னோடதுதான், கொட்டை எழுத்து. அது எங்கெங்கியோ சுத்தி ரேஷன்ல வந்து நின்னுச்சு. விளக்கு வந்த ஊருக்கு எதுக்கு மண்ணெண்ணெய்னு நிறுத்திட்டாங்க. விளக்கும் இல்ல, மண்ணெண்ணெயும் இல்ல. நாங்க போறதுக்கு முன்னாடி இருந்த சிம்னி வெளிச்சமும் போச்சு. ஐப்பசி கார்த்திகை அடைமழை பூரா அந்த ஊரு இருட்டுல கெடந்துச்சு சார். மூங்கிலப் பொளந்து பந்தம் கட்டி எரிச்சிருக்காங்க. அதுல ஒரு கூரை புடிச்சுக்கிச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆகல, ஆனா மச்சுல இருந்த சாமை அத்தனையும் கருகிப்போச்சு. அந்த வீட்டுக்காரம்மா சடைச்சி வீட்டு வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்துச்சாம். இதெல்லாம் எனக்கு அப்பப்பக் காதுல விழும். நான் போகல. வேற ஊர் பாக்கிறேன்னு மாத்தி எழுதி வாங்கிக்கிட்டேன். அந்த ஊரு நிறுத்தத்துல பஸ்ஸு நிக்கும்போது நான் அந்தப் பக்கம் பாக்க மாட்டேன்.

இன்னொண்ணும் சொல்லிர்றேன், ஆரம்பிச்சுட்டேன்ல. ஆபீஸ்ல இத ஒரு கதையாவே ஆக்கிட்டேன். புதுசா யாரு வேலைக்குச் சேந்தாலும், "தண்டபாணி சார், அந்தக் குண்டான் கதையச் சொல்லுங்க"ம்பாங்க. நான் எழுந்திரிச்சு நின்னு, அவ குரல்லயே சொல்லுவேன். "நானே போய் வீடு வீடாக் குளிர வெச்சேன் சார்." வயிறு வலிக்கச் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். அந்த வருச ஆண்டு விழாவுல எனக்குத்தான் சிறந்த களப்பணியாளர் கேடயம். கண்ணாடி போட்டு வெச்சிருக்கா என் சம்சாரம்.

நான் கெட்டவன் இல்ல சார். கோயிலுக்குப் போறேன், யாருகிட்டயும் கை நீட்டி ஒரு பைசா வாங்கினதில்ல. நீங்க யாருகிட்ட வேணா ஆத்தூர்ல வெசாரிச்சுப் பாருங்க.

போன நவராத்திரிக்கு என் கூட்டாளி ஒருத்தன் வீட்டுக்கு கொலு பாக்கப் போனேன். சம்சாரமும் நானும். சுண்டல் குடுத்தாங்க, காப்பி கொண்டாந்து வெச்சது ஒரு பொண்ணு. நிமிந்து பாக்கிறேன், சடைச்சி. எளச்சுப்போயிருந்தா. ஊர்ல பேச்சுத் தாங்க முடியாம எறங்கி வந்து, மூணு வருசமா அந்த வீட்லயே தங்கி வேலை செய்றாளாம். புள்ள மாமியாகிட்ட இருக்கு. புருசன் கேரளாவுலதான். "சார், நல்லா இருக்கீங்களா?"ன்னு அவதான் மொதல்ல கேட்டா. நான் காப்பியக் கீழ வெச்சுட்டேன்.

கை கழுவக் கொல்லப்பக்கம் போனேன். பின்னாலயே துண்ட எடுத்துக்கிட்டு வந்தா. "சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க"ன்னா.

அந்த வீட்டுக்கு வந்த மொத வெள்ளிக்கிழமை, அந்த வீட்டம்மா பூசை முடிச்சுட்டு, "சடைச்சி, விளக்கக் குளிர வெச்சிரு"ன்னு சொல்லியிருக்காங்க. இவ போய் ஒரு செம்புல தண்ணி மோந்து வந்திருக்கா. அந்தம்மா பதறிப்போய்க் கையப் புடிச்சு, "அடிப் பைத்தியக்காரி, இப்பிடி"ன்னு ஒரு பூவ எடுத்து திரியில ஒத்தியிருக்காங்க. விளக்கு நின்னுருச்சு. "அப்பத்தான் சார் எனக்கு வெளங்குச்சு. செம்பக் கையில வெச்சுக்கிட்டு அப்பிடியே நின்னேன். அவிக்கிறதத்தான் நீங்க அன்னிக்கு அப்பிடிச் சொல்லியிருக்கீங்க. எனக்கு அந்தப் பேச்சுத் தெரியாமப்போச்சு."

நான் தலையாட்டினேன்.

"அதத்தான் சார் கேக்கணும். அன்னிக்கு நான் குண்டான்ல போட்டேன்னு சொன்னேன்ல, அப்பவே உங்களுக்கு வெளங்கிருச்சா சார்? இந்தப் புள்ள இதத்தான் இப்பிடிப் புரிஞ்சுக்கிட்டாளான்னு, அப்பவே தெரிஞ்சுதா?"

கோவமே இல்ல சார் அவ குரல்ல. சண்டைக்கு நிக்கல. எங்கிட்ட எதுவும் எதிர்பாக்கவும் இல்ல. தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். ஆமாம்மான்னு ஒரு வார்த்தை. இப்ப என் வேலைக்கு என்ன வந்துரப்போகுது? நான் ரிட்டையர் ஆகி ஒரு வருசம் ஆச்சு. மக கல்யாணமும் முடிஞ்சாச்சு. டிரஸ்டே இப்ப இல்ல, மூடிட்டாங்க. என்னையப் பேசறதுக்கு ஒரு ஆள் கெடையாது. அந்தக் கொல்லையில அவளும் நானும் ஒரு துண்டும்தான்.

"இல்லம்மா"ன்னேன். "எனக்கும் வெளங்கல. நீ இப்ப சொல்லித்தான் எனக்கே தெரியுது."

அவ ஒரு மூச்சு விட்டா பாருங்க சார். மூணு வருசமாப் புடிச்சு வெச்ச மூச்சு. முகமே மாறிப்போச்சு. கண்ணுல தண்ணி நிக்குது, ஆனா சிரிக்கிறா. "அப்பிடியா சார்? நான் உங்களத் தப்பா நெனச்சுட்டேன் சார். தெரிஞ்சே என்னைய மாட்டி விட்டுட்டீங்கன்னு, தெனமும் உங்களத் திட்டியிருக்கேன் சார். பொழுது விடிஞ்சா திட்டுவேன். பெரிய பாவம் பண்ணிட்டேன். என்னைய மன்னிச்சிருங்க சார்"னு சொல்லிக்கிட்டே, நான் நகர்றதுக்குள்ள குனிஞ்சு என் காலத் தொட்டுட்டா.

நான் என்ன சொன்னேன் தெரியுமா சார்?

"பரவால்லம்மா, விடு. தெரியாமத்தான நெனச்ச"ன்னேன். ஆமா சார். நான் அவள மன்னிச்சேன்.